மானின் கண்

வில்லேந்தி மான் வேட்டைக்குச் செல்பவனின் முதற்கலை எது என்று கேட்டால், குறி பார்த்தல் என்றே நம்மில் பலர் விடை கூறுவோம். அவ்விடை முற்றும் சரியன்று. துப்பாக்கி ஏந்தியவன் இருநூறு மீட்டர் தொலைவில் நிற்கும் மானையும் வீழ்த்தக்கூடும். வில்லேந்தியவனோ அதனை இருபது முப்பது மீட்டர் தொலைவுக்குள் வரவிட வேண்டும். அவ்வளவு அருகில் மானின் மூக்கு மனித வாடையை அறிந்துவிடும். செவி, நாண் இழுபடும் மெல்லோசையைக் கேட்டுவிடும். பக்கவாட்டில் அமைந்த கண்கள் ஏறத்தாழ முதுகுப்புறம் வரையிலும் கண்டுவிடும். ஆகவே, அம்பெய்யும் கலைக்கு முன்னதாக வேட்டைக்காரன் கற்க வேண்டிய கலை, மறைந்திருக்கும் கலையே ஆகும்.

வட அமெரிக்கக் காடுகளில் இக்கலைக்கு நெடிய வரலாறு உண்டு. இலையுதிர்காலத்து விடியற்பொழுதில், ஓக் மரமொன்றின் அடிமரத்தோடு பிணைத்த சிறு பரணில், ஐந்தாறு மீட்டர் உயரத்தில், ஒருவன் வில்லுடன் அசையாது அமர்ந்திருப்பது இன்று அங்கே இயல்பான காட்சி. நம் முன்னோரும் பரண் அறிந்தவரே. தினைப்புனம் காத்தவர்களின் உயர்ந்த இருக்கையை இதணம் என்றும் கழுது என்றும் பழந்தமிழ் கூறும். அந்தப் பரண், கிளியும் விலங்கும் காவலரைக் கண்டு அஞ்சி அகல வேண்டும் என்பதற்காக எழுந்தது. அமெரிக்க வேட்டைப் பரணோ, தன்னில் அமர்ந்தவனை எந்த உயிரும் காணலாகாது என்பதற்காக எழுவது. அதில் அமர்பவன் உடுத்தும் உடைக்கும் முகத்தில் பூசும் கரிக்கும் பின்னால் ஒரே வினாதான் இருக்கின்றது: மானின் கண்ணுக்கு நான் எவ்வாறு தோன்றுகிறேன்? இவ்வினாவுக்கு மனிதர் வெவ்வேறு காலங்களில் கண்ட விடைகளை இக்கட்டுரையில் காண்போம்.

தோல் போர்த்த வேடர்

1564ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சிலர் புளோரிடாவின் கரையில் குடியேறிக் கரோலின் கோட்டை என்னும் குடியிருப்பை அமைத்தனர். அவர்களுடன் சென்ற ஓவியர் ஜாக் லெ முவான் என்பவர். அவருடைய ஓவியங்களை அடிப்படையாகக் கொண்டு, தியோடர் டி பிரை என்னும் செதுக்கோவியர் 1591இல் பிராங்க்பர்ட் நகரில் படத்தொகுதி ஒன்றை வெளியிட்டார். அதிலுள்ள ஒரு படம் திமுக்குவா மக்களின் மான் வேட்டையைக் காட்டுகின்றது. நீர்க்கரையில் மான்கள் நிற்கின்றன. அவற்றை நோக்கி மேலும் சில மான்கள் மெல்ல நகர்கின்றன. உற்று நோக்கினால், நகர்ந்து வருபவை மான்களல்ல என்பது விளங்கும். தலையோடு கூடிய மான்தோலை முழுமையாகப் போர்த்திக்கொண்டு, அதன் கண் துளைகளின் வழியே பார்த்தவாறு, கையில் வில்லுடன் வேடர்கள் குனிந்து வருகின்றனர்.

இதனை ஒத்த காட்சி ஒன்றை ஜார்ஜ் காட்லின் என்னும் அமெரிக்க ஓவியர் 1832ஆம் ஆண்டையொட்டித் தீட்டியுள்ளார். மேற்கின் புல்வெளிகளில் பைசன் என்னும் காட்டெருமைக் கூட்டத்தை நோக்கி, ஓநாய்த் தோல் போர்த்த வேடர் இருவர் தவழ்ந்து செல்லும் காட்சி அது. ஓநாய் காட்டெருமையின் பகையாயிற்றே என்று நாம் வியக்கலாம். கூட்டத்தின் ஓரத்தில் எந்நேரமும் ஓநாய்கள் சுற்றித் திரிவதால், வலிமையுள்ள எருமைகள் அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. வேடன் அந்தப் பழக்கத்தைத் தனக்கு உடையாக்கிக்கொண்டான்.

இவ்விரு காட்சிகளிலும் பொதிந்துள்ள அறிவு ஒன்றே. அந்த வேடர்கள் தங்கள் உருவத்தை அழித்துவிட முயலவில்லை. விலங்கு நாள்தோறும் கண்டு பழகிய ஓர் உருவத்துக்குள் புகுந்துகொண்டார்கள். நம் பழைய வேட்டுவரும் இவ்வழியை ஓரளவு அறிந்திருந்தனர். பழக்கிய மானைக் காட்டிக் காட்டு மானை அருகே வரச்செய்யும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. அவ்வாறு பழக்கிய விலங்கைப் 'பார்வை' என்னும் சொல்லால் சுட்டுவதைப் புறநானூற்றைப் பயின்ற மாணவர் அறிவர். பார்வை என்னும் சொல்லே வேட்டைக் கருவியின் பெயரானது எண்ணி மகிழத்தக்கது.

மான் ஓடையின் கடைசி மனிதன்

வட கலிபோர்னியாவில், லாசன் மலையின் அடிவாரத்தில், மான் ஓடை என்று பொருள்படும் டியர் கிரீக் என்னும் ஆறு ஓடுகின்றது. அதன் பள்ளத்தாக்குகளில் யானா இனத்தின் ஒரு கிளையான யாகி மக்கள் வாழ்ந்தனர். 1848இல் கலிபோர்னியாவில் பொன் கண்டறியப்பட்டதும் வெள்ளையர் பெருந்திரளாக வந்து குடியேறினர். 1860களில் யாகி மக்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டனர். எஞ்சிய மிகச் சிலர் மலைப்பள்ளங்களுக்குள் புகுந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வெளியுலகின் கண்ணில் படாமல் வாழ்ந்தனர்.

மானிடமிருந்து மறையக் கற்றிருந்த மக்கள், இப்போது மனிதரிடமிருந்து மறைய வேண்டியவராயினர். மண்ணில் சுவடு பதியாதிருக்கக் கல்லுக்குக் கல் தாவி நடந்தனர். அடர்ந்த புதர்களின் கீழே விலங்குகளைப் போலத் தவழ்ந்து சென்றனர். கோடரியின் ஓசை தொலைவுக்குக் கேட்கும் என்பதால் மரம் வெட்டுவதைத் தவிர்த்தனர். புகை எழாதவாறு சிறு தீயே மூட்டினர். குடில்களின் மேல் தழைகளைப் பரப்பினர். அவர்கள் கடைசியாகத் தங்கிய இடத்தின் பெயருக்குக் கரடி ஒளியும் இடம் என்பது பொருள். 1908ஆம் ஆண்டில் நில அளவையாளர் சிலர் தற்செயலாக அவ்விடத்துக்கு வந்துவிட்டனர். குடிலில் இருந்தோர் சிதறி ஓடினர். நடக்க இயலாத மூதாட்டி ஒருவர் மட்டும் போர்வைக்குள் கிடந்தார். வந்தவர்கள் அங்கிருந்த கூடைகளையும் கருவிகளையும் எடுத்துச் சென்றனர். மூதாட்டி அதன்பின் நெடுநாள் வாழவில்லை. சிதறி ஓடியோரில் மீண்டும் கண்ணுக்குப் புலப்பட்டவர், அம்மூதாட்டியின் மகன் ஒருவரே.

1911 ஆகஸ்டு 29ஆம் நாள், ஓரோவில் என்னும் ஊரின் இறைச்சிக் கொட்டடி அருகே அவர் பசியால் வாடிய நிலையில் காணப்பட்டார். அவர் பேசிய மொழி எவருக்கும் விளங்கவில்லை. ஊர்க்காவலர் அவரைச் சிறையறையில் வைத்தனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அறிஞர் வாட்டர்மன் யானா மொழிச் சொற்பட்டியல் ஒன்றுடன் அங்கு விரைந்தார். சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தும் பயனில்லை. இறுதியில் 'சிவினி' என்ற சொல்லைச் சொல்லிக் கட்டிலின் மரச்சட்டத்தைத் தொட்டுக் காட்டினார். சிவினி என்பது பைன் மரத்தின் பெயர். அம்மனிதரின் முகம் மலர்ந்தது. மொழியாசிரியராகிய நாம் ஒரு சொல்லின் மதிப்பை மாணவர்க்கு எடுத்துரைக்க இதனினும் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை.

தம் பெயரைத் தாமே கூறுவது அவர் மரபன்று. ஆகவே, யானா மொழியில் 'மனிதன்' என்று பொருள்படும் இஷி என்னும் பெயரால் பேராசிரியர் ஆல்பிரட் குரோபர் அவரை அழைத்தார். சான் பிரான்சிஸ்கோவிலிருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இஷி தங்கினார். அதன் அருகிலிருந்த மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய சாக்ஸ்டன் போப் என்னும் அறுவை மருத்துவர் இஷியின் மருத்துவராக வந்து, நண்பராகி, வில்வித்தையில் அவருடைய மாணவரும் ஆனார். 1914இல் குரோபர், வாட்டர்மன், போப் ஆகியோர் இஷியுடன் மான் ஓடைக்கே சென்று, அவருடைய பழைய வாழ்வை நேரிற் கண்டனர்.

இஷியின் வேட்டை முறையைப் போப் எழுதி வைத்துள்ளார். வேட்டைக்கு முந்தைய நாள் இஷி மீன் உண்ணமாட்டார், புகை பிடிக்கமாட்டார். அவற்றின் வாடை நெடுந்தொலைவு செல்லும் என்பது அவர் அறிவு. விடியுமுன் எழுந்து ஓடையில் நீராடுவார். புதினா இனத்தைச் சேர்ந்த நறுமணத் தழையை உடலில் தேய்த்துக்கொள்வார். வாய் கொப்பளித்து, நீர் மட்டும் அருந்திப் புறப்படுவார். காற்று மான் இருக்கும் திசையிலிருந்து தம்மை நோக்கி வீசுமாறு பார்த்துக்கொள்வார். கையின் மேல் உதடுகளை வைத்து ஒலியெழுப்பி, துன்புற்ற முயலின் குரலை உண்டாக்குவார். அது கேட்டு விலங்குகள் அருகே வரும். பாடம் செய்த மான்தலையைத் தம் தலைமேல் அணிந்து, புதரின் பின்னிருந்து மெல்ல உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டுவார். மானுக்கு அச்சத்தினும் ஆவல் மிகும். அது நெருங்கி வரும். குந்திய நிலையிலிருந்தே அவர் அம்பெய்வார்.

இவற்றுள் உடையின் வண்ணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். மூக்கை முதலிலும், செவியை அடுத்தும், கண்ணை இறுதியிலும் வைத்து எண்ணியவர் இஷி. கண்ணை எண்ணியபோதும், வண்ணத்தைக் கருதாமல் வடிவத்தையும் அசைவையுமே கருதினார்.

தரையிலிருந்து மரத்திற்கு

1916 மார்ச் 25ஆம் நாள் இஷி காசநோயால் மறைந்தார். அவரிடம் கற்ற வித்தை மறையவில்லை. சாக்ஸ்டன் போப்பும் அவருடைய தோழர் ஆர்தர் யங்கும் வில்லேந்திக் காடு புகுந்தனர். 1923இல் போப் வில்வேட்டையைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்து பலரை ஈர்த்தது. அதற்கு முன்னரே, 1878இல் மாரிஸ் தாம்ப்சன் வில்வித்தையின் இன்பத்தைப் போற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலப் படையில் பணிபுரிந்து திரும்பிய அவரும் அவர் தம்பியும் வில்லேந்தி வேட்டையாடியவர்கள். இவ்வாறு துளிர்த்த ஆர்வம் சட்டத்திலும் இடம்பெற்றது. 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லால் மட்டுமே மான் வேட்டையாடுவதற்கெனத் தனிப் பருவம் ஒன்றை வகுத்தது. பிற மாநிலங்களும் காலப்போக்கில் அதனைப் பின்பற்றின.

தரையில் பதுங்கிய வில்லாளர் நாளடைவில் மரமேறினர். மரத்தின் மேலிருந்து வேட்டையாடுவதைச் சில மாநிலங்கள் நெடுங்காலம் தடுத்திருந்தன. தடைகள் தளர்ந்தபின் பரண் பெருகிற்று. அதற்குக் காரணங்கள் உண்டு. உயரத்தில் இருப்பவனின் வாடையைக் காற்று பெரும்பாலும் மானின் தலைக்கு மேலாகக் கொண்டு செல்லும். மானின் பகை பெரும்பாலும் தரைவழியே வருவதால், அது மேல்நோக்கிப் பார்ப்பது குறைவு. ஆயினும் வேட்டை மிகுந்த காடுகளில் மான் அதனையும் கற்றுக்கொள்கின்றது.

பரண் ஒரு புதிய இடரையும் கொண்டுவந்தது. தரையில் நிற்பவனுக்குப் பின்னால் புதர் இருக்கும். பரணில் இருப்பவனுக்குப் பின்னால் வானம் இருக்கும். ஒளி மிகுந்த வானத்தின் முன் எந்த உருவமும் கருநிழலாகவே தெரியும். பச்சையும் பழுப்புமாகத் தீட்டிய உடை, அவ்விடத்தில் மறைப்பதற்கு மாறாகக் காட்டிக்கொடுக்கும்.

இவ்விடரை விளங்கிக்கொள்ள, ஆபட் தேயர் என்னும் அமெரிக்க ஓவியரின் கருத்து துணை செய்கின்றது. விலங்குகள் பலவற்றுக்கு முதுகு கருமையாகவும் வயிறு வெண்மையாகவும் இருப்பது ஏன் என்பதற்கு 1896இல் அவர் ஒரு விளக்கம் தந்தார். மேலிருந்து விழும் வெயில் முதுகை ஒளிரச் செய்யும். வயிற்றில் நிழல் படியும். முதுகின் கருமை அவ்வொளியையும், வயிற்றின் வெண்மை அந்நிழலையும் ஈடுசெய்கின்றன. திரண்ட உடல் தட்டையாகித் தோன்றிச் சூழலோடு கலந்துவிடுகின்றது. ஓவியர் தூரிகையால் தட்டைப் பரப்பில் திரட்சியைப் படைப்பார். இயற்கை அதே கலையைத் திருப்பிச் செய்து திரட்சியை அழிக்கின்றது என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

கூர்ந்த வில்லாளர் சிலர் இவ்வுண்மையைத் தம் பரணுக்குக் கொண்டுவந்தனர். கீழிருந்து பார்க்கும் மானுக்குத் தெரியும் பகுதிகளில் வெளிர்நிறம் மிகுந்த உடையைத் தேர்ந்தனர். வெளிர்த்துணியின் மேல் கிளைகளைப் போன்ற கருங்கோடுகளை அரிதாக இட்டுக்கொண்டனர். பனி படிந்த காலத்தில் வெள்ளாடை உடுத்தினர். முதுகை அடிமரத்தோடு ஒட்டி வைத்து, உருவத்தின் விளிம்பை மரத்தின் விளிம்புக்குள் அடக்கினர். பரணுக்குப் பின்புறத்தில் வெட்டிய கிளைகளைக் கட்டி வானத்தை மறைத்தனர். முகத்தில் முழுவதுமாகக் கரி பூசாமல், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் அமைப்பைக் குலைக்கும் வகையில் குறுக்குக் கோடுகள் இட்டனர். உடைகளைப் பைன் தழைகளோடு சேர்த்துப் பைக்குள் வைத்து மணமேற்றினர். இஷி தேய்த்துக்கொண்ட தழைக்கு இது ஒரு தொலைவான உறவு என்பது வெளிப்படை.

துணியில் எழுந்த காடு

இதற்கிடையில் மறைப்புடை என்பது பெரும் வணிகமாக வளர்ந்தது. அதன் தோற்றம் போர்க்களத்தில் உள்ளது. 1915இல் பிரெஞ்சுப் படை ஓவியர்களைக் கொண்டு உருமறைப்புக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை அமைத்தது. இரண்டாம் உலகப் போரில், 1942இல், தவளைத் தோல் என்று பெயர்பெற்ற புள்ளி உடையை அமெரிக்கப் படை வழங்கியது. அதனை உருவாக்கியவர் தோட்டக்கலை எழுத்தாளரான நார்வெல் கில்லஸ்பி. பசிபிக் தீவுகளின் காடுகளில் வீரர்கள் அதனை அணிந்தனர். போர் முடிந்தபின் எஞ்சிய உடைகள் மலிவு விலையில் வேட்டைக்காரர் கைக்கு வந்தன.

படைவீரனின் உடை மனிதனின் கண்ணை ஏமாற்றுவதற்கென அமைந்தது. அவனுடைய பகைவன் மனிதன். அதே உடையைத்தான் வேட்டைக்காரன் மானின் முன் அணிந்து நின்றான். 1980இல் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜிம் கிரம்லி, மரப்பட்டையின் நெடுக்குக் கோடுகளை ஒத்த உடையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் அவர் துணிக்குத் தாமே சாயமேற்றி, மைக்கோலால் கோடுகள் வரைந்து பார்த்தார். 1986இல் மிசிசிப்பியில் டாக்ஸி ஹாஸ் என்பவரும் ஜார்ஜியாவில் பில் ஜோர்டன் என்பவரும் இலையும் கிளையும் பட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றும் வடிவங்களைக் கொண்டுவந்தனர். பின்னர் ஒளிப்படத்தையே துணியில் அச்சிடும் காலம் வந்தது. கடையில் தொங்கிய உடையில் ஓக் இலையின் நரம்பையும் எண்ணலாம் என்ற நிலை ஏற்பட்டது.

ஆனால் அந்த நரம்பை எண்ணியது வாங்குபவரின் கண். மானின் கண்ணை எவரும் கேட்கவில்லை.

மான் அளித்த விடை

1992இல் அந்தக் கண்ணைக் கேட்டுப் பார்த்தனர். ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தில் கூடிய ஆய்வாளர் குழு ஒன்று, மயக்கமருந்து செலுத்திய மான்களின் கண்களில் பலவகை நிற ஒளிகளைச் செலுத்தி, விழித்திரையில் எழும் மின் அதிர்வுகளை அளந்தது. கலிபோர்னியாவின் பார்வை அறிஞர் ஜெரால்டு ஜேக்கப்ஸ் அக்குழுவில் முதன்மையானவர். முடிவுகள் 1994இல் வெளியாயின.

மனிதக் கண்ணில் நிறங்காணும் உயிரணுக்கள் மூவகை. மானுக்கு இருவகையே உண்டு: ஒன்று நீல ஒளிக்கும், மற்றொன்று பச்சையும் மஞ்சளும் சார்ந்த ஒளிக்கும் உரியது. சிவப்புக்கெனத் தனி வகை இல்லை. ஆகையால் செம்மஞ்சள் நிறத்தைப் பச்சையிலிருந்து பிரித்தறிவது மானுக்கு அரிது. துப்பாக்கி வேட்டைப் பருவத்தில் ஒருவரையொருவர் சுட்டுவிடாதிருக்க, பல மாநிலங்கள் பளிச்சிடும் செம்மஞ்சள் உடையைக் கட்டாயமாக்கியுள்ளன. அவ்வுடை காட்டையே கலைத்துவிடும் என்று பலர் அஞ்சினர். மனிதக் கண்ணைக் கூசச்செய்யும் அந்நிறம், மானுக்கு வெறும் மங்கல் நிறமாகவே தோன்றக்கூடும் என்பது தெரியவந்தது.

மற்றொரு முடிவு இதனினும் வியப்பானது. மனிதக் கண்வில்லை புற ஊதாக் கதிரை உள்ளே விடாது. மானின் கண்ணில் அத்தகைய தடை இல்லை. சலவைத்தூள்கள் பலவற்றில் துணியை வெண்மையாகக் காட்டும் ஒளிரூட்டிப் பொருள் கலந்திருக்கும். அது புற ஊதாக் கதிரை ஏற்று நீல ஒளியாக வெளியிடும். மானின் கண்ணோ நீலத்தில் மிகக் கூர்மையானது. நரம்பெண்ணத்தக்க ஓக் இலை அச்சிட்ட உடையை விலை கொடுத்து வாங்கி, வீட்டிற்குக் கொண்டுவந்து அன்போடு துவைத்து அணிந்தவன், விடியலின் நீலவொளியில் மானுக்கு ஒளிவிடும் உருவமாய்த் தோன்றியிருக்கலாம். இதை அறிந்தபின், ஒளிரூட்டி கலவாத சோப்பால் உடையைத் துவைப்பது வில்லாளரின் வழக்கமாயிற்று. மறைப்புக்கலையின் விந்தையான உத்திகளுள் சலவைமுறையும் ஒன்றாகச் சேர்ந்தது.

மேலும், மானின் கண் நுண்ணிய வடிவத்தைக் காண்பதில் மனிதக் கண்ணுக்குப் பின்தங்கியது. அசைவைக் காண்பதிலும் அரையிருளில் காண்பதிலும் முன்னிற்பது. ஆகவே, இலையின் நரம்பைத் துல்லியமாக அச்சிடுவதினும், உருவத்தின் விளிம்பை உடைக்கும் பெரிய ஒளிநிழல் வடிவமே பயன் மிக்கது. அதனினும் பயன் மிக்கது அசையாமை. இஷியின் விடையையே ஆய்வுக்கூடம் வேறு மொழியில் மீண்டும் கூறிற்று.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. நானூறு ஆண்டுகளுக்கு முன் மான்தோல் போர்த்தவன் மானாக நின்று எண்ணினான். பிற்காலத்தவன் கண்ணாடியின் முன் தன்னைப் பார்த்து, மறைந்துவிட்டதாக மகிழ்ந்தான். இருவருக்கும் இடைப்பட்ட வேறுபாடு கருவியால் வந்ததன்று. பிறர் கண்ணாக நின்று காணும் ஆற்றலால் வந்தது. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கும் இவ்வாற்றல் வேண்டும். தமக்குத் தெளிவாகத் தோன்றும் பாடம், மாணவனின் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுகின்றது என்று கேளாதவரின் உழைப்பு, நரம்பெண்ணி அச்சிட்ட அந்த உடையைப் போன்றதே.

இஷியின் வாழ்வில் மற்றொரு பாடமும் இருக்கின்றது. நாற்பதாண்டுகள் மனிதக் கண்ணுக்கு ஒளிந்து வாழ்ந்த அவர், தம் கடைசி ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அருங்காட்சியகத்தில் கூடிய மக்களின் முன் அமர்ந்து, அம்புமுனை செதுக்கிக் காட்டினார். எல்லாரும் அவரைப் பார்த்தனர். அவர் இறந்தபின் அவருடைய மூளை உடலினின்று பிரிக்கப்பட்டு வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டது. 2000ஆம் ஆண்டில்தான் அது அவருடைய இன உறவினரான கலிபோர்னியப் பழங்குடியினரிடம் திருப்பியளிக்கப்பட்டது. அவர்கள் அதனை அவருடைய சாம்பலோடு சேர்த்து, அவர் பிறந்த மண்ணில் அடக்கம் செய்தனர். அவ்விடம் வெளியாருக்கு அறிவிக்கப்படவில்லை.

மான் ஓடையின் மனிதர் மீண்டும் மறைந்துகொண்டார். இம்முறை அவர் அஞ்சி மறையவில்லை. அவரை அறிந்த கண்கள் அவரைக் காத்து மறைத்தன.